அகராதி வெளியாகி பதினொரு மாதம், கடனுக்குக் கைது: ஃப்ரீலான்ஸ் எழுத்தாளர் சாமுவேல் ஜான்சனின் கதை

1756 மார்ச் மாதம். லண்டனில் ஒரு எழுத்தாளரைக் கடனுக்காகப் பிடித்து வைத்திருந்தார்கள். கடன் 5 பவுண்ட் 18 ஷில்லிங். பிடிபட்டவர் சாமுவேல் ஜான்சன், வயது 46. அதற்கு பதினொரு மாதங்களுக்கு முன்புதான் அவருடைய ஆங்கில அகராதி இரண்டு பெரிய தொகுதிகளாக வெளியாகியிருந்தது. படித்தவர்கள் எல்லோரும் அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். அதன் விலை 4 பவுண்ட் 10 ஷில்லிங். அவர் கட்டவேண்டிய கடன், அவருடைய அகராதியின் ஒன்றரைப் பிரதி விலைகூட வராது.

நாவலாசிரியர் சாமுவேல் ரிச்சர்ட்சனுக்கு அவசரமாகக் கடிதம் போனது. அவர் 6 கினி அனுப்பினார். ஒரு கினி என்றால் 1 பவுண்ட் 1 ஷில்லிங். ஜான்சன் வெளியே வந்தார்.

ஆங்கில இலக்கியத்தின் மாபெரும் ஆளுமைகளில் ஒருவர் என்று பாடப் புத்தகங்கள் சொல்லும் அதே ஜான்சன்தான் இவர். ஆனால் 27 வயதில் லண்டன் வந்ததிலிருந்து 52 வயது வரை அவர் கூலிக்கு எழுதியவர். இன்றைய பாஷையில், ஃப்ரீலான்ஸர். அந்த 25 வருடங்களில் எழுத்துச் சந்தை மாறிக்கொண்டே இருந்தது. கிடைத்த வேலைக்கு ஏற்ப அவரும் மாறிக்கொண்டே இருந்தார். ஏஐ வந்தபிறகு எழுத்து வேலை என்ன ஆகும், ரேட் என்ன ஆகும் என்ற பேச்சு ஓடிக்கொண்டிருக்கும் இந்த நேரத்தில், அவர் கதையைக் கொஞ்சம் பணக் கணக்கோடு பார்க்கலாம்.

வள்ளல் போய் கடைக்காரர் வந்தார்

முன்பெல்லாம் எழுத்தாளருக்கு யார் சோறு போட்டார்கள்? பிரபுக்கள். நம் புலவர்கள் வள்ளல்களைத் தேடிப் போன மாதிரியே, ஐரோப்பாவிலும் புத்தகத்தின் முதல் பக்கத்தில் ஒரு பிரபுவைப் புகழ்ந்து எழுதி, அதற்குப் பரிசு வாங்குவதுதான் வழக்கம்.

1695-ல் இங்கிலாந்தில் ஒரு மாற்றம் நடந்தது. அச்சகங்களைக் கட்டுப்படுத்திய உரிமச் சட்டம் காலாவதியானது. அதைப் புதுப்பிக்க நாடாளுமன்றம் முன்வரவில்லை. அச்சகங்கள் பெருகின, செய்தித்தாள்கள் முளைத்தன, காபிக் கடைகளில் உட்கார்ந்து அவற்றைப் படிக்க ஒரு கூட்டம் சேர்ந்தது. 1710-ல் வந்த காப்புரிமைச் சட்டம், எழுதியவருக்கு 14 ஆண்டு உரிமை கொடுத்தது. அந்த 14 ஆண்டு முடியும்போதும் அவர் உயிரோடு இருந்தால் இன்னொரு 14 ஆண்டு. காகிதத்தில் இது எழுத்தாளருக்குச் சாதகம். நடைமுறையில், பசியில் இருக்கிற எழுத்தாளர் மொத்த உரிமையையும் ஒரே தொகைக்கு விற்றுவிடுவார். வாங்குபவர் புத்தகக் கடைக்காரர். அந்தக் காலத்தில் பதிப்பாளரும் அவரே.

இப்படிக் கூலிக்கு எழுதுபவர்கள் குடியிருந்த ஒரு தெருவுக்கு கிரப் ஸ்ட்ரீட் என்று பெயர். நாளடைவில் அந்தத் தொழிலுக்கே அது பட்டப்பெயர் ஆகிவிட்டது.

டிகிரி இல்லை, வேலை இல்லை

ஜான்சன் 1709-ல் லிச்ஃபீல்டு என்ற சிறிய ஊரில் பிறந்தார். அப்பாவும் புத்தகக் கடைக்காரர்தான், ஆனால் நொடித்துப்போனவர். குழந்தையிலேயே வந்த கழலை நோயால் ஒரு கண்ணில் பார்வை மங்கியது, முகத்திலும் கழுத்திலும் தழும்புகள் நின்றன. கை கால்களும் முகமும் அவரை அறியாமல் இழுத்துக்கொள்ளும் பழக்கம் வாழ்நாள் முழுக்க இருந்தது. 1728-ல் ஆக்ஸ்ஃபோர்டில் சேர்ந்தார். பணம் தீர்ந்தது, 13 மாதத்தில் படிப்பு நின்றது. பட்டம் வாங்கவில்லை.

பட்டம் இல்லாததுதான் அவரை எழுத்துப் பக்கம் தள்ளியது. பிற்பாடு, 1739-ல், ஒரு பள்ளியில் வருடம் 60 பவுண்ட் சம்பளத்தில் தலைமை ஆசிரியர் வேலை காலியாக இருந்தது. எம்.ஏ. கட்டாயம். டப்ளின் பல்கலைக்கழகத்தில் ஒரு பட்டம் வாங்கித்தர எழுத்தாளர் ஜொனாதன் ஸ்விஃப்ட் மூலம் முயற்சி பண்ணிப் பார்த்தார்கள். நடக்கவில்லை. அந்தப் பட்டம் கிடைத்திருந்தால் அகராதி வந்திருக்காது என்று நம்பலாம்.

முதல் எழுத்து வேலை பர்மிங்காமில் கிடைத்தது. அபிசீனியா பற்றிய ஒரு பயண நூலைப் பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு மாற்றவேண்டும். கூலி 5 கினி. பாதியில் சோம்பல் பிடித்துக்கொண்டது, வேலை நின்றுவிட்டது. அச்சுக்காரர் வேறு வேலை எடுக்கமுடியாமல் தவிக்கிறார், அவர் குடும்பம் கஷ்டப்படுகிறது என்று நண்பர் எட்மண்ட் ஹெக்டர் போய்ச் சொன்னார். அது வேலை செய்தது. ஜான்சன் படுக்கையில் படுத்தபடியே புத்தகத்தைப் பார்த்துச் சொல்லச் சொல்ல, ஹெக்டர் எழுதி அச்சுக்கு அனுப்பினார். டெட்லைன் நெருங்கினால் மட்டும் எழுதுகிற இந்தப் பழக்கம் கடைசிவரை மாறவில்லை.

1735-ல் தன்னைவிட 20 வயது மூத்த விதவை எலிசபெத் போர்ட்டரைக் கல்யாணம் செய்தார். அவர் கொண்டுவந்த பணத்தில் ஒரு பள்ளிக்கூடம் ஆரம்பித்தார். ஒரு சில மாணவர்களே சேர்ந்தார்கள். பணம் கரைந்தது, பள்ளியும் போனது. மாணவர்களில் ஒருவன் டேவிட் கேரிக். 1737-ல் குருவும் சீடனும் சேர்ந்தே லண்டனுக்குக் கிளம்பினார்கள். கேரிக் பிற்காலத்தில் இங்கிலாந்தின் மிகப் பெரிய நடிகர் ஆனார். ஜான்சன் பையில் பாதி முடிந்த ஒரு நாடகம் இருந்தது. எழுதிப் பிழைக்கப்போகிறேன் என்று ஒரு புத்தகக் கடைக்காரரிடம் சொன்னபோது, அவர் இந்த ஆஜானுபாகுவான ஆளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, மூட்டை தூக்கப் போவது நல்லது என்று யோசனை சொன்னாராம்.

நாடாளுமன்றம் போகாமலே நாடாளுமன்றச் செய்தி

எட்வர்ட் கேவ் என்பவர் 1731-ல் 'ஜென்டில்மேன்ஸ் மேகசின்' என்ற மாத இதழைத் தொடங்கியிருந்தார். ஆயுதக் கிடங்கு, சரக்குக் கிடங்கு என்ற பொருளில் இருந்த மேகசின் என்ற சொல்லை ஒரு பத்திரிகைக்கு முதலில் வைத்தவர் இவர்தான். மற்ற பத்திரிகைகளில் வந்ததைச் சுருக்கித் தருவது, புதிதாகக் கொஞ்சம் எழுத வைப்பது என்று ஓடிய இதழ். 1738 முதல் ஜான்சன் அதற்கு எல்லாம் எழுதினார்: வாழ்க்கைக் குறிப்பு, கவிதை, மொழிபெயர்ப்பு, முன்னுரை, பிறர் எழுதியதைத் திருத்துவது. அந்த நாள்களில் கேவுக்கு எழுதிய ஒரு கடிதத்தில், இன்னும் சாப்பிடவில்லை என்று பொருள்படும் ஒரு லத்தீன் சொல்லைப் போட்டுக் கையெழுத்திட்டிருக்கிறார்.

அதே 1738-ல், நாடாளுமன்ற விவாதங்களை அச்சிடுவது உரிமை மீறல் என்று மக்களவை தீர்மானம் போட்டது. கேவின் இதழுக்கு அது பெரிய அடி. விவாதச் செய்திக்காகவே வாங்கும் வாசகர்கள் நிறைய. கேவ் ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தார். ஸ்விஃப்டின் கலிவர் கதையில் வரும் குட்டி மனிதர்களின் லில்லிபுட் நாட்டு விவாதங்கள் என்று பெயர் வைத்து, தலைவர்கள் பெயரில் எழுத்துகளை மாற்றிப்போட்டு அச்சிட்டார். பிட் என்பவர் ப்டிட் ஆனார். வால்போல், வாலெலாப் ஆனார்.

முதலில் இன்னொருவர் எழுதியதைத் திருத்திக் கொடுத்த ஜான்சன், 1741 வாக்கில் முழுவதையும் தானே எழுதத் தொடங்கினார். யார் பேசினார்கள், எந்தப் பக்கம் பேசினார்கள் என்று உள்ளே போய் வந்தவர்கள் கொண்டுவரும் சின்னக் குறிப்புதான் கையில் இருக்கும். சில நேரம் அதுவும் அரைகுறை. மிச்சமெல்லாம் அவருடைய கற்பனை. விவாத நேரத்தில் அவர் சபைப் பக்கமே அநேகமாகப் போனதில்லை. பல வருடங்கள் கழித்து ஒரு விருந்தில், பிட்டின் பழைய உரை ஒன்றை கிரேக்கப் பேச்சாளர்களின் உரைகளுக்கும் மேல் என்று ஒருவர் புகழ்ந்தார். எல்லோரும் ஆமோதித்து முடித்தபிறகு, அதை எக்ஸீட்டர் தெரு மாடி அறையில் தான் எழுதியதாக ஜான்சன் அமைதியாகச் சொன்னார்.

இங்கே கவனிக்கவேண்டியது அந்தச் சாமர்த்தியம் இல்லை. தான் எழுதிக்கொடுத்த உரைகளை ஜனங்கள் நிஜ உரைகள் என்றே நம்புகிறார்கள் என்று தெரியவந்ததும் அந்த வேலையை அவர் விட்டுவிட்டார். இதழுக்கு நன்றாக விற்பனை தந்த பகுதி அது, அவருக்கும் உறுதியான வருமானம். தன் எழுத்தில் மனசு உறுத்தியது அது ஒன்றுதான் என்று சாகும் தறுவாயில்கூட நண்பர்களிடம் சொல்லியிருக்கிறார். மற்றபடி அவர் வேலையில் ஏற்றத்தாழ்வு பார்த்ததில்லை. அடுத்தவர் பெயரில் பிரசங்கம் எழுதிக் கொடுத்தார், முன்னுரையும் சமர்ப்பணமும் எழுதிக் கொடுத்தார். ஒரு பிரபுவின் பெரிய நூலகத்தை வாங்கிய கடைக்காரர் தாமஸ் ஆஸ்போர்னுக்கு நூல் பட்டியலும் தயாரித்தார். பட்டியல் போடச் சொன்னால் படித்துக்கொண்டிருக்கிறாரே என்று ஆஸ்போர்ன் மரியாதைக் குறைவாகப் பேச, கையில் இருந்த கனமான புத்தகத்தாலேயே ஜான்சன் அவரை அடித்துக் கீழே தள்ளினார். கிளையன்ட்டிடம் இப்படி நடந்துகொள்ளும் வசதி எல்லோருக்கும் இருப்பதில்லை!

அப்போதைய அவருடைய ரேட் இப்படி: லண்டன் நகரைச் சாடி எழுதிய நீண்ட கவிதைக்கு 10 கினி. நண்பர் ரிச்சர்ட் சாவேஜின் வாழ்க்கை வரலாற்றுக்கு 15 கினி. சாவேஜும் ஒரு கிரப் ஸ்ட்ரீட் கவிஞர். இருவரும் தங்க இடமில்லாமல் இரவு முழுக்க லண்டன் தெருக்களில் நடந்தே கழித்த நாள்கள் உண்டு. சாவேஜ் 1743-ல் பிரிஸ்டல் சிறையில் இறந்தார். கடன்தான் காரணம். அவரைப் பற்றி ஜான்சன் எழுதிய புத்தகம் 1744-ல் வந்தது. கேவ் வீட்டு விருந்தில் ஒருவர் அதைப் புகழ்ந்து பேசிக்கொண்டிருந்தபோது, கிழிந்த உடையோடு வெளியே வர வெட்கப்பட்டு, ஜான்சன் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார் என்று ஒரு கதை உண்டு.

பெரிய கான்ட்ராக்ட்

1746 ஜூனில் அவர் வாழ்க்கையின் பெரிய ஒப்பந்தம் கையெழுத்தானது. லண்டன் புத்தகக் கடைக்காரர்கள் பலர் கூட்டாகச் சேர்ந்து ஓர் ஆங்கில அகராதி கேட்டார்கள். தொகை 1,500 கினி, அதாவது 1,575 பவுண்ட். மூன்று வருடத்தில் முடிப்பதாக ஜான்சன் சொன்னார். பிரெஞ்சு அகாதெமியில் 40 பேர் பல பத்தாண்டுகள் உழைத்த வேலை இது.

பிரமாதமான தொகைதான். ஆனால் உதவியாளர் சம்பளம், காகிதம் எல்லாம் அதற்குள்ளேயே. காஃப் சதுக்கத்தில் ஒரு வீடு எடுத்து, மேல்மாடியில் ஆறு உதவியாளர்களை உட்கார வைத்தார். ஐந்து பேர் ஸ்காட்லாந்துக்காரர்கள். நல்ல ஆசிரியர்களின் நூல்களை ஜான்சன் படித்து, சொற்களின் கீழ் பென்சிலால் கோடிடுவார். உதவியாளர்கள் அந்த வரிகளைச் சீட்டுகளில் எழுதி ஒட்டுவார்கள். தொடக்கத்தில் காகிதத்தின் இரண்டு பக்கத்திலும் எழுதிவிட்டார்கள், அச்சுக்கு அது சரிப்படாது. ஒரு பக்கமாகத் திருப்பி எழுத அவருக்கு 20 பவுண்ட் செலவானது. இதுவும் அவர் கைப்பணம்.

மூன்று வருடம் ஒன்பது வருடம் ஆனது. 1,575 பவுண்டை ஒன்பதால் வகுத்தால் வருடத்துக்கு 175. அதிலிருந்து உதவியாளர் கூலி போகவேண்டும். பணத்தைத் தவணையாக வாங்கியதால், வேலை முடிந்தபோது வரவேண்டிய பாக்கி எதுவும் இல்லை. எல்லாம் ஏற்கெனவே செலவாகியிருந்தது. பதிப்பாளர்களில் ஒருவரான ஆண்ட்ரூ மில்லர், கடைசிப் பக்கம் வந்ததும் இந்த ஆள் தொல்லை விட்டதே என்று கடவுளுக்கு நன்றி சொன்னாராம். மில்லர் கடவுளுக்காவது நன்றி சொல்வது சந்தோஷம் என்று ஜான்சன் பதில் அனுப்பினார்.

இடையில் வீட்டுச் செலவுக்கு வேறு வழி தேடவேண்டியிருந்தது. 1749-ல் அந்தப் பழைய நாடகத்தை கேரிக் மேடையேற்றினார். ஒன்பது இரவு ஓடி, வசூல் பங்கும் புத்தக உரிமையும் சேர்த்து ஏறக்குறைய 300 பவுண்ட் வந்தது. அன்றைய சந்தையில் அதிகம் பணம் தந்தது மேடைதான். ஆனால் நாடகம் ஜான்சனுக்குக் கைவரவில்லை, பார்த்தவர்களுக்கும் பெரிதாகப் பிடிக்கவில்லை. பணம் இருக்கிற இடமும் கை ஓடுகிற இடமும் வேறு வேறாக இருந்தன. அடுத்த நாடகம் அவர் எழுதவே இல்லை.

1750 மார்ச்சில் 'ராம்ப்ளர்' தொடங்கினார். வாரம் இருமுறை ஒரு கட்டுரை, இரண்டு வருடத்தில் 208. ஏறக்குறைய எல்லாமே அவர் எழுதியது. கட்டுரைக்கு 2 கினி. பல கட்டுரைகளை அச்சுப் பையன் வாசலில் காத்திருக்க, அப்போதுதான் எழுதிக் கொடுத்தார். 2 பென்ஸ் விலையுள்ள அந்தத் தாள் சில நூறு பிரதிகளே விற்றது. ஆனால் ஊர்ப் பத்திரிகைகள் எடுத்து மறுபிரசுரம் செய்தன. தொகுப்பு நூல் அவர் காலத்திலேயே பத்துப் பதிப்பு கண்டது. 1752 மார்ச்சில் ராம்ப்ளர் நின்றது. அதே மாதம் மனைவி இறந்துபோனார். அகராதி பாதியில் இருந்தது.

பிரபுவுக்கு ஒரு கடிதம்

1747-ல் அகராதித் திட்டத்தை அச்சிட்டபோது, பழைய வழக்கப்படி அதை செஸ்டர்ஃபீல்டு பிரபுவுக்கு எழுதியிருந்தார்கள். பிரபு 10 பவுண்ட் கொடுத்தார், பிறகு மறந்துவிட்டார். ஜான்சன் அவர் வீட்டு வரவேற்பறையில் காத்திருந்து திரும்பினார். ஏழு வருடம் போனது. அகராதி வெளிவரப்போகிறது என்று தெரிந்ததும், 1754 கடைசியில் பிரபு அதைப் பாராட்டி ஒரு பத்திரிகையில் இரண்டு கட்டுரை எழுதினார். சமர்ப்பணப் பக்கத்தில் தன் பெயர் வரும் என்ற நினைப்பு அதில் தெரிந்தது.

1755 பிப்ரவரியில் ஜான்சன் பதில் எழுதினார். மிகவும் மரியாதையான கடிதம். நீரில் தத்தளித்தபோது எட்டிப் பார்க்காதவர், கரையேறியபின் வந்து உதவி செய்வது எதற்கு என்பதுதான் அதன் சாரம். செஸ்டர்ஃபீல்டு அந்தக் கடிதத்தை மேஜையிலேயே வைத்து, வந்தவர்களுக்கெல்லாம் காட்டி, எவ்வளவு நன்றாக எழுதுகிறான் பார் என்றாராம். அகராதி 1755 ஏப்ரலில் 42,000-க்கும் மேற்பட்ட சொற்களோடு, எந்தப் பிரபுவின் பெயரும் இல்லாமல் வந்தது.

எழுத்தாளர் விடுதலை பெற்ற நாள் என்று இதை இலக்கிய வரலாறுகள் கொண்டாடுகின்றன. அடுத்த மார்ச்சில் 5 பவுண்ட் 18 ஷில்லிங்குக்குக் கைது ஆனதையும் சேர்த்துப் படித்தால்தான் கணக்கு சரியாகும்.

அதன்பின் அவர் பிடித்த வழி, முன்பணச் சந்தா. இன்றைய கிரவுட் ஃபண்டிங் மாதிரி. ஷேக்ஸ்பியர் நாடகங்களைத் திருத்திப் பதிப்பிப்பதாக 1756-ல் அறிவித்து, வாசகர்களிடம் முன்கூட்டியே பணம் வாங்கினார். அடுத்த வருடக் கடைசியில் தருவதாகச் சொன்னது, 1765-ல்தான் வந்தது. நடுவில், காசை வாங்கிக்கொண்டு புத்தகம் தராதவர் என்று ஒரு கவிஞர் கிண்டலாகவே எழுதினார். சந்தாதாரர் பட்டியலை ஏன் அச்சிடவில்லை என்று கேட்டதற்கு, பெயர்களைத் தொலைத்துவிட்டேன், பணத்தையும் செலவழித்துவிட்டேன் என்று ஒளிவுமறைவில்லாமல் சொன்னார் ஜான்சன். 1759 ஜனவரியில் அம்மா இறந்தார். இறுதிச் செலவுக்கும் அம்மாவின் சில்லறைக் கடன்களுக்கும் பணம் வேண்டும். ஒரே வாரத்து மாலை நேரங்களில் 'ராசெலாஸ்' என்ற கதையை எழுதினார். 100 பவுண்ட் கிடைத்தது, இரண்டாம் பதிப்புக்கு இன்னும் 25. அவர் எழுத்துகளில் இன்றும் அதிகம் படிக்கப்படுவனவற்றில் அது ஒன்று.

ஓய்வூதியம்

1762-ல் மன்னர் மூன்றாம் ஜார்ஜின் அரசு வருடத்துக்கு 300 பவுண்ட் ஓய்வூதியம் தர முன்வந்தது. சங்கடம் என்னவென்றால், ஓய்வூதியம் என்ற சொல்லுக்கு ஜான்சன் தன் அகராதியிலேயே, நாட்டுக்குத் துரோகம் செய்ய அரசு கொடுக்கும் கூலி என்ற தொனியில் விளக்கம் எழுதிவைத்திருந்தார். நண்பர்களிடம் கலந்து பேசினார். இனி செய்யப்போவதற்காக இல்லை, இதுவரை செய்ததற்காகவே என்று அமைச்சர் தரப்பில் உறுதி கிடைத்தபின் வாங்கிக்கொண்டார். எதிரிகள் கேலி செய்தார்கள். அகராதி விளக்கத்தை அவர் மாற்றவில்லை.

ஆக, ஒரு புரவலரைக் கடிதம் எழுதி அனுப்பிவைத்தவரை, கடைசியில் காப்பாற்றியது இன்னொரு புரவலர்தான். சந்தை அவருக்குப் பெயரும் வாசகர்களும் கொடுத்தது. நிம்மதியாகச் சாப்பிடும் அளவுக்குப் பணம் கொடுக்கவில்லை. 1770-களில் அவர் அரசாங்கத்துக்கு ஆதரவாகச் சில அரசியல் கட்டுரைகள் எழுதினார். அமெரிக்கக் குடியேற்றக்காரர்களைச் சாடிய 1775-ம் ஆண்டுக் கட்டுரை அதில் ஒன்று. அவருடைய கருத்தும் அதுதான் என்றாலும், ஓய்வூதியத்துக்கு எழுதுகிறார் என்ற பேச்சை அவரால் தடுக்க முடியவில்லை.

சந்தை இன்னொரு முறை புரண்டது. காப்புரிமைக் காலம் முடிந்த நூலை யார் வேண்டுமானாலும் அச்சிடலாம் என்று 1774-ல் பிரபுக்கள் சபை தீர்ப்புச் சொன்னது. பழைய கவிஞர்களின் நூல்களைத் தங்கள் சொத்தாகவே நினைத்திருந்த லண்டன் கடைக்காரர்களுக்கு இடி. எடின்பரோவில் மலிவு விலைத் தொகுப்பு ஒன்று அச்சாகத் தொடங்கியது. போட்டிக்கு என்ன செய்வது? அதே கவிதைகளை எல்லோரும் அச்சிடலாம். ஜான்சன் எழுதிய முன்னுரை லண்டன்காரர்களிடம் மட்டுமே இருக்கும். 1777-ல் அவர் வீட்டுக்கு வந்து, என்ன தொகை வேண்டும் என்று கேட்டார்கள். 67 வயதில், நாட்டின் முதல் எழுத்தாளர் என்று எல்லோரும் ஒத்துக்கொண்டபிறகு, அவர் கேட்டது 200 கினி.

ஆயிரம் கினி கேட்டிருந்தாலும் தயங்காமல் கொடுத்திருப்பார்கள் என்பது அவர் நண்பர்கள் வட்டத்தில் அப்போதே ஓடிய பேச்சு. 40 வருடம் சந்தையில் இருந்தவர், தன் பெயருக்குச் சந்தையில் என்ன விலை என்று கடைசிவரை கற்றுக்கொள்ளவில்லை. சின்னச் சின்ன முன்னுரை என்று தொடங்கிய வேலை, 52 கவிஞர்களின் வாழ்க்கை வரலாறாகப் பெருகியது. 1779-லும் 1781-லும் வெளிவந்தது. பல கவிஞர்களுக்கு ஒன்றிரண்டு பக்கம்தான். மில்டன், டிரைடன், போப் ஆகியோருக்குத் தனிப் புத்தகம் போடும் அளவுக்கு எழுதினார். முன்பு 15 கினிக்கு எழுதிய சாவேஜ் வரலாற்றையும் அதில் சேர்த்தார். விற்பனையைப் பார்த்துக் கடைக்காரர்களே பின்னர் இன்னொரு 100 பவுண்ட் கொடுத்தார்கள்.

1784 டிசம்பர் 13-ல் ஜான்சன் இறந்தார். வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில், கிட்டத்தட்ட ஆறு வருடங்களுக்கு முன் இறந்த கேரிக்கின் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள். ஜமைக்காவில் அடிமையாகப் பிறந்து, 1752 முதல் அவர் வீட்டில் இருந்த ஃபிரான்சிஸ் பார்பருக்கு வருடம் 70 பவுண்ட் கிடைக்கும்படி உயில் எழுதி வைத்திருந்தார்.